சீக்காளி ரொட்டி

எங்கள் ஊரில் ரொட்டி வாங்க வேண்டுமானால் முதலில் யாருக்காவது காய்ச்சல் வர வேண்டும். காய்ச்சல் இல்லாத வீட்டில் ரொட்டி இருந்தால், சாவு விழாத வீட்டு வாசலில் பந்தல் போட்டதுபோலப் பார்ப்பார்கள். நான் சொல்வது எழுபதுகளில் இருந்த ஆரம்பாக்கம் என்கிற எங்கள் ஊர். கும்மிடிப்பூண்டியைத் தாண்டி வருகிற ரயில் எங்களை இறக்கிவிட்டு ஆந்திராவுக்குள் போய்விடும். மெட்ராஸில் இருப்பவர்களுக்கு ரொட்டி காலை நாஷ்டா. எங்களுக்கு அது மருந்து.

ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை இருந்தது. அதன் கண்ணாடி அலமாரியில், மேல்தட்டில், மெழுகுத்தாள் சுற்றிய இரண்டு ரொட்டிகள் எப்போதும் இருக்கும். எப்போதும் என்றால் எப்போதும். ஊரில் யாருக்காவது காய்ச்சல் கண்டால் ஒன்று கீழே இறங்கும். யாருக்கும் காணாவிட்டால் இரண்டும் அங்கேயே உட்கார்ந்து ஓரத்தில் பச்சை பூக்கும். அந்தப் பச்சையைக் கடைக்காரர் ஈரத்துணியால் துடைத்து வைப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

"இன்னாண்ணே, ரொட்டி செங்கல்லாட்டம் கீது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஜுரக்காரன் வாய்ல எதப் போட்டாலும் கசக்கத்தான் போவுது. அவனுக்கு நல்ல ரொட்டி இன்னா, கெட்ட ரொட்டி இன்னா?" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அவருடைய வியாபாரம் முழுக்க அந்த ஒரு நம்பிக்கையில்தான் ஓடியது. வாங்குகிறவன் தின்பதில்லை, தின்கிறவனுக்கு ருசி தெரிவதில்லை. இதைவிட வசதியான சரக்கு ஒரு கடைக்காரருக்கு எங்கே கிடைக்கும்?

எனக்கு ஒன்பது வயதில் டைபாய்டு வந்தபோது அந்த ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தார்கள். நனைந்த தலையணைப் பஞ்சை விழுங்கியதுபோல இருந்தது. பிழைத்து எழுந்ததும் இனி செத்தாலும் ரொட்டி தின்பதில்லை என்று சபதம் போட்டேன்.

சபதம் பத்து வருஷம் நின்றது. டைப்ரைட்டிங் பரீட்சை எழுத மெட்ராஸ் போனபோது, கூட வந்த பெண்கள் சென்ட்ரலுக்கு எதிரே ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே தட்டில் ரொட்டி வந்தது. கல்லில் வாட்டி, வெண்ணெய் தடவி, ஓரம் பொன்னிறமாக. எனக்கென்ன நோயா என்று கேட்க நினைத்தேன், அதற்குள் ஒரு கடி கடித்துவிட்டேன். மேலே மொறுமொறு, உள்ளே மெத்து. நாக்கில் ஒட்டவில்லை, தொண்டையை அடைக்கவில்லை. இத்தனை வருஷமாக ஊரே சேர்ந்து என்னை ஏமாற்றியிருக்கிறது என்று கோபம் வந்தது. பரீட்சையில் எத்தனை தப்பு அடித்தேன் என்பது நினைவில்லை. அந்த ரொட்டியின் வாசனை நினைவிருக்கிறது.

அப்போது கும்மிடிப்பூண்டியில் வயல் நடுவே புகைபோக்கிகள் முளைத்துக்கொண்டிருந்தன. அப்படி முளைத்த ஒரு கம்பெனியில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. நைனா, அதாவது அப்பா, ரயில்வேயில் தண்டவாள வேலை பார்க்கும் கேங்மேன். எங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான். சம்பளக் கவரை நைனா கையில் கொடுத்துவிட்டு, கைச்செலவுக்கு அவர் திருப்பித் தருவதை வாங்கிக்கொள்வேன். அந்தக் கைச்செலவில்தான் நல்ல ரொட்டி தேடக் கிளம்பினேன்.

தேடல் என்றால் சாதாரணத் தேடல் இல்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பன் போட்டார்கள். அதில் சர்க்கரை தூக்கல், அடியில் கரி. சூளூர்ப்பேட்டையிலிருந்து வேலைக்கு வந்தவர் ஒருவர் அவர் ஊர் ரொட்டியைப் பெருமையாகக் கொண்டுவந்தார். கத்தியை வைத்ததும் பழைய சுண்ணாம்புச் சுவர்போல உதிர்ந்தது. மெட்ராஸிலிருந்து தினம் வரும் ஹெட்கிளார்க்கிடம் காசு கொடுத்து அனுப்பினேன். ரொட்டி நல்ல ரொட்டிதான். ஆனால் பாசஞ்சர் ரயிலில் கூட்டத்தோடு கூட்டமாக நசுங்கி, தோசை கனத்தில் வந்து சேர்ந்தது. அதற்கு நன்றி வேறு சொல்ல வேண்டியிருந்தது.

கடைசியில் வழிகாட்டியவர்கள் வடக்கத்தி இன்ஜினியர்கள். கம்பெனிகளுக்கு வந்த அவர்களுக்குக் காலையில் இட்லி இறங்கவில்லை. அவர்களை நம்பி ஒருவர் கடைத்தெருவுக்குப் பின்னால் விறகு அடுப்பு கட்டி ரொட்டி போட ஆரம்பித்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு அடுப்பிலிருந்து எடுப்பார். விரலால் அமுக்கினால் குழிந்து, விரலை எடுத்ததும் பழையபடி எழும். பெட்டிக்கடை ரொட்டியை அமுக்கினால் விரல்தான் குழியும். விலை பெட்டிக்கடையைப்போல ஒன்றரை மடங்கு. அந்தக் காசுக்கு அரைப்படி அரிசி வரும் என்று எனக்கும் தெரியும். ஆனால் ரயிலில் உட்கார்ந்து சூடாக ஒரு துண்டு பிய்த்து வாயில் போடும்போது, கொடுத்த காசு ஒருநாளும் எனக்கு உறுத்தியதில்லை.

உறுத்தியது மற்றவர்களுக்கு. என்னுடையது வயர் கூடை. உள்ளே இருப்பது ஊருக்கே தெரியும். பெண்கள் பெட்டியில் ஏறி உட்கார்ந்ததும் எதிர் சீட்டு கேட்கும்:

"யாருக்கு ஒடம்பு முடியல கண்ணு?"

"யாருக்கும் இல்லீங்க."

"அப்பறம் ரொட்டி?"

"சொம்மா துன்றதுக்கு."

சொம்மா துன்றதுக்கு! அந்தப் பதிலை யாரும் நம்பியதே இல்லை. வீட்டில் ஏதோ பெரிய சீக்கு, பெண் மறைக்கிறாள் என்று தலையை ஆட்டிக்கொள்வார்கள். பழவேற்காட்டுப் பக்கமிருந்து மீன் கொண்டுவரும் அக்கா ஒருத்தி, காலிக் கூடையோடு தினமும் அதே பெட்டியில் வருவாள். அவள் மட்டும் சளைக்காமல் ஒவ்வொரு தடவையும் கேட்டாள். ஒருநாள் எனக்கு ஆபீசில் திட்டு விழுந்திருந்தது. எரிச்சலில் இருந்தேன்.

"யாருக்குத்தான் ஒடம்பு, சொல்லேன்" என்றாள்.

"எனக்குத்தான்" என்றேன், ரொட்டியை மென்றுகொண்டே.

என் வாய் அப்படி. கேலியாகச் சொன்னதைக் கேலியாக எடுத்துக்கொள்ள எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிற முட்டாள் வாய். மறுநாள் காலை அந்த அக்கா எங்கள் தெருவில் மீன் விற்றபோது வீட்டுக்கு வீடு நெத்திலியோடு என் நோயையும் அளந்து போட்டுவிட்டுப் போனாள்.

இது மற்ற நேரமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அப்போது எனக்குச் செவ்வாப்பேட்டையில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். நைனா இரண்டு வருஷமாக அலைந்து, பக்கத்து வீட்டு அத்தை மூலமாகக் கிடைத்த இடம். சொந்த அத்தை இல்லை, வாயால் அத்தை. மாப்பிள்ளையின் அம்மா அவளுக்குத் தூரத்து உறவு. மாப்பிள்ளை ஆவடிப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். பெண் பார்க்க வந்தபோது பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. "டைப்பிங்ல எவ்ளோ ஸ்பீடு?" என்று கேட்டார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது? தையில் கல்யாணம் என்று பேச்சு. நானும் மனதுக்குள் செவ்வாப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு எந்த வண்டி மாறி வருவது என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் தலைக்குக் குளித்து முடி உலர்த்திக்கொண்டிருந்தேன். முதலில் எதிர்வீட்டு அம்மா வந்தாள், கையில் பெட்டிக்கடை ரொட்டி. பின்னால் இன்னொருத்தி, அவள் கையிலும் ரொட்டி. சீக்காளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்பது எங்கள் ஊர் முறை. வந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"எளச்சிப் போய்ட்டியே கண்ணு."

"கண்ணெல்லாம் உள்ள போய்கீது பாரு."

"நான் நல்லாத்தான் கீறேன்" என்றால், "அய்ய, பாவம், தெகிரியமா பேசிக்கினு கீது" என்று அதற்கும் உச்சுக்கொட்டினார்கள். அன்று மாலைக்குள் எங்கள் வீட்டில் ஆறு ரொட்டி சேர்ந்துவிட்டது. பெட்டிக்கடைக்காரர் தன் வாழ்நாளில் முதல்முறையாக மேல்தட்டைக் காலி செய்து, சைக்கிளில் ஆளனுப்பி வேறு சரக்கு வாங்கிவந்து விற்றாராம். நல்ல ரொட்டி வாங்கியதற்குத் தண்டனையாகக் கெட்ட ரொட்டி வீடு தேடி வந்த கதை என்னுடையதாகத்தான் இருக்கும். ஒன்றைப் பிய்த்துக் கோழிக்குப் போட்டேன். கோழி ஒரு கொத்து கொத்திவிட்டு, அப்படி உனக்கு நான் என்ன செய்தேன் என்பதுபோல என்னைப் பார்த்தது.

அம்மா அந்த ரொட்டிகளை எடுத்து அடுக்கி வைத்தாள். அவள் ரொட்டியே தின்னமாட்டாள். நான் நல்ல ரொட்டி வாங்கிவந்த நாட்களில் ஒப்புக்கு, "ஒரு துண்டு துன்னும்மா" என்பேன். "எனக்கு இன்னா வந்துச்சி? குத்துக்கல்லாட்டம் கீறேன்" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். சரி, வேண்டாமென்றால் போகட்டும் என்று நானே தின்றுவிடுவேன். இரண்டாம் தடவை கேட்டதாக நினைவில்லை.

அடுத்த வாரம் அத்தை பதறிக்கொண்டு வந்தாள். செவ்வாப்பேட்டைக்குச் செய்தி போய்விட்டதாம். பெண்ணுக்கு நெஞ்சு நோய், ரொட்டியும் பாலும்தான் ஆகாரம் என்று பேச்சாம். மாப்பிள்ளையின் அம்மா ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறாளாம்.

"எம் பேரு இன்னா ஆவறது? சீக்குப் பொண்ண தலைல கட்டப் பாத்தேன்னு சொல்வாங்களே" என்று அத்தை மூக்கைச் சிந்தினாள். என் கல்யாணத்தைவிட அவள் பேர்தான் அதிக ஆபத்தில் இருந்தது.

நைனாவும் அவளும் உட்கார்ந்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். ரொட்டி நைனாவுக்கு. நைனாவுக்கு வயிற்றுப்புண். டாக்டர் ரொட்டி தின்னச் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டாருக்கு மாமனாரின் வயிற்றைப்பற்றி என்ன கவலை? நைனா வாழ்க்கையில் ஒரு மாத்திரை விழுங்கியவரில்லை. ஆனாலும் எனக்காக வயிற்றைப் பிடித்துக்கொள்ள ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்தே பழகிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா பத்து மணி வண்டியில் வந்து இறங்கினாள். கையில் பை. பையில் ஐந்து சாத்துக்குடியும் ஒரு ரொட்டியும். சீக்கு உண்டா இல்லையா என்று பார்க்கத்தான் வந்தாள், ஆனாலும் முறையை விடவில்லை. ரொட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, அதே சாக்கில் என் நகத்தைத் திருப்பிப் பார்த்தாள். கன்னத்தைத் தடவுவதுபோலக் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டு, எனக்கு மூச்சு வாங்குகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாடு பிடிக்க வந்தவர்கூடப் பல்லைப் பார்ப்பதோடு விட்டுவிடுவார்.

பிறகு சாப்பாடு. அம்மா எனக்கு இலையில் சோற்றைக் குன்றுபோலக் கொட்டி, மேலே மீன் குழம்பை ஊற்றினாள். அதை நான் வந்தவள் கண்முன்னால் தின்று முடிக்க வேண்டும் என்று உத்தரவு. தின்றேன். இரண்டாம் முறையும் சோறு போட்டாள். அதையும் தின்றேன். அந்த அம்மாளின் முகம் வெளிச்சமாவது தெரிந்தது. நெஞ்சு நோய்க்காரி இப்படித் தின்னமாட்டாள் என்று அவளுக்கே புரிந்துவிட்டது.

"பொண்ணு நல்லாத்தான் கீது அண்ணி. ஊர் வாயி பொல்லாதது" என்று அம்மாவிடம் சொன்னாள். அத்தை பெருமூச்சு விட்டாள். கல்யாணம் திரும்பி வந்து வாசலில் நின்றதுபோல எனக்கும் இருந்தது.

"ஆனா ஒண்ணு, அப்ப அந்த ரொட்டி யாருக்கு?" என்று கேட்டாள்.

நைனா வயிற்றில் கையை வைத்தார். "அது வந்து, எனக்கு இங்க..." என்று ஆரம்பித்தார். பாவம், அவருக்குப் பொய் வரவில்லை. வலது பக்கமா இடது பக்கமா என்று கை தடுமாறியது. தண்டவாளத்தில் சம்மட்டி அடிக்கிற மனிதர், நான் ரொட்டி தின்றதற்காக ஒரு பொம்பளை முன்னால் சீக்காளி வேஷம் போடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"எனக்குத்தாங்க. ரொட்டி நல்லா கீது, அதான் வாங்கித் துன்றேன்" என்றேன்.

"ஒடம்பு சரியில்லாமயா?"

"ஒடம்பு நல்லா கீது. ருசியா இருக்குதுன்னு துன்றேன்."

அந்த அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"தெனமுமா?"

"வாரத்துல ரெண்டு மூணு நாளு."

"ஊட்ல எல்லாருக்குமா?"

"எனக்கு மட்டும்."

"யார் டப்புல?"

"எங் கைச்செலவுலதான்."

அந்த முகத்தில் வந்த வெளிச்சம் அப்படியே போய்விட்டது. எனக்கு நெஞ்சு நோய் என்று கேள்விப்பட்டு ரயிலேறி வந்தபோதுகூட அவள் முகம் அவ்வளவு இருண்டிருக்காது. அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னாள், என்னைப் பார்க்கவில்லை.

"சீக்குன்னா ஆஸ்பத்திரில காட்டிச் சரி பண்ணிக்கலாம் அண்ணி. இப்டி ருசி கண்ட நாக்க எங்க காட்றது? இன்னிக்கி ரொட்டின்னும், நாளைக்கி இன்னொண்ணுன்னும். எம் புள்ள சம்பாத்தியம் தாங்காது."

நான் சம்பாதிக்கிறேன் என்பதும், ரொட்டி என் காசில் வந்தது என்பதும் அங்கே யாருக்கும் நினைவு வரவில்லை. நோயாளிப் பெண்ணாக இருந்திருந்தால் இரக்கப்பட்டாவது கட்டிக்கொண்டிருப்பார்கள்போல. பெண் ஒருத்தி தனக்குப் பிடித்ததைத் தன் வாய்க்கு வாங்கிப் போட்டாள் என்பதற்கு அவர்களிடம் வைத்தியம் இல்லை.

எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். மனம் மாறிவிட்டதோ என்று நைனா நிமிர்ந்தார். அவளோ, நான் அலமாரியில் வைத்திருந்த தன் ரொட்டியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "இங்கதான் சீக்காளி யாரும் இல்லியே. எங்கூட்டு மருமவன் சைடுல ஒருத்தருக்கு ஜுரம், குடுத்துட்டுப் போறேன்" என்றாள். சாத்துக்குடியை விட்டுவிட்டுப் போனாள். மாப்பிள்ளை என்ன நினைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் வந்து சொல்லவில்லை. என் டைப்பிங் வேகத்தோடு அவருக்கு விஷயம் முடிந்துபோனது.

"ரொட்டி ரொட்டின்னு அலைஞ்சியே, இப்போ அந்த ரொட்டியயே கட்டிக்க" என்று நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அத்தை ஒரு மாதம் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அதில் எனக்கு வருத்தமில்லை.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் இலைகளை எடுத்தாள், தரையைத் துடைத்தாள், பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அந்த ரொட்டி மிச்சம் கீதா?" என்றாள்.

முந்தின நாள் வாங்கியதில் பாதி இருந்தது. எடுத்துவந்தேன். தோசைக்கல்லில் போட்டு வாட்டி, ஓரம் சிவந்ததும் நெய் தடவிக் கொடுத்தேன். கல்யாணத்தையே கெடுத்த பொருள் அப்படி என்னதான் என்று பார்க்கிறவளைப்போல முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். சின்னதாகக் கடித்தாள். மென்றாள். இன்னொரு கடி, இப்போது பெரிதாக. ஓரத்து மொறுமொறுப்பைக் கடைசிக்கென்று வைத்துத் தின்றாள். நான் அப்படித்தான் தின்பேன்.

"நல்லாத்தான்டி கீது" என்றாள்.

"சொன்னேனே."

"சீக்காளிங்களுக்கு நல்லதத்தான் குடுத்துக்கினு இருந்திருக்காங்க" என்றாள். அவளுக்கு எங்கே தெரியும்? பெட்டிக்கடை ரொட்டியைக்கூட அவள் தின்றதில்லை. விரலில் ஒட்டிய துகளை நக்கிக்கொண்டே, சாதாரணமாக, மழை வருமா என்று கேட்பதுபோலக் கேட்டாள்:

"எனக்கு அத்தினி வாட்டி ஜுரம் வந்துச்சே, ஏன்டி ஒருத்தரும் ஒண்ணு வாங்கியாரல?"

யோசித்துப் பார்த்தேன். அவளுக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து எங்களுக்குச் சோறு வடித்திருக்கிறாள். ஒருமுறை நடவு நேரத்தில் ஒரு வாரம் அப்படியே வயலுக்குப் போய்வந்தாள். அவள் படுக்கவில்லை, அதனால் அது காய்ச்சல் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு டைபாய்டு வந்தபோது அந்தப் பச்சை பூத்த ரொட்டியை ஓடிப்போய் வாங்கிவந்தவள் அவள்தான். விரலைவிட்டுப் பதம் பார்த்து நல்ல ரொட்டி கண்டுபிடித்தவள் நான். ஊரையெல்லாம் கேலி செய்தவளும் நான். அந்த ரொட்டியில் ஒரு துண்டை இரண்டாம் தடவை நீட்டிப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை.

செவ்வாப்பேட்டைச் சம்பந்தம் கைவிட்டுப் போனதற்கு நான் அழவில்லை. இதற்கு அழுதேன்.

"சீ, எதுக்கு அழுவுற? இன்னொண்ணு வாட்டு" என்றாள் அம்மா.